தோசைக்கல்லுக்குப் பதில் நிலம்

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன், அந்த நாட்டில் ரேடியோ கொடிகட்டிப் பறந்த காலத்துக் குடும்ப நகைச்சுவை நாடகங்களை என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தான். நிஜத்திலேயே புருஷன் பெண்டாட்டியாக இருந்தவர்கள் மைக் முன்னாலும் அப்படியே சண்டை போட்டார்களாம். இவருக்கு அது தலைக்கேறிவிட்டது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் பேசி, சனிக்கிழமைதோறும் எங்கள் இருவருக்கும் கால் மணி நேரம் வாங்கிவிட்டார். நேரலை நிகழ்ச்சி. எதிரே மாணவிகள் உட்கார்ந்து சிரிப்பார்கள்.

வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், மைக்கைக் கண்டால் மடை திறந்த மாதிரி பேசுவார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு சனிக்கிழமை நாடகத்தில், நான் பார்த்துப் பார்த்துப் பழக்கிய தோசைக்கல்லை அவர் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார். அதைச் சொல்லவேண்டிய இடம் வந்தது.

“இங்க பாரு, கோவிச்சுக்காத,” என்றார். கையில் இருந்த தாளைப் பார்க்கவில்லை. “பூதலூர் நெலத்தப் பேசி முடிச்சுட்டேன். உரக்கடைக்காரர்கிட்ட வெத்தல பாக்கு மாத்தியாச்சு.”

மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. பூதலூர் நிலம் என் அப்பா எனக்கு எழுதிவைத்தது. குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். விற்பதைப் பற்றி இவர் வீட்டில் மூச்சு விட்டதில்லை. நேரலையில் நான் கத்தமாட்டேன் என்று தெரிந்துதான் அங்கே வைத்துச் சொல்லியிருக்கிறார், படுபாவி!

“என்னைக் கேட்டீங்களா?” என்றேன். அதற்கும் சிரிப்பு.

“கேட்டா ஒத்துக்கமாட்டியே.”

கைதட்டல் வேறு.

“ஒத்துக்கத்தான் மாட்டேன். பட்டா என் பேர்ல இருக்கு. என் கையெழுத்து இல்லாம ஒரு பிடி மண்ண அள்ள முடியாது. கேட்டுக்கிட்டிருக்கிற உரக்கடைக்காரருக்கும் சேத்துத்தான் சொல்றேன். நான் விக்கமாட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலையத்துப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

போகட்டும், ஊரறியச் சொல்லியாகிவிட்டது, இனி அந்த ஆள் வரமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இவர் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய போன் அடித்தது. பிடுங்கிக் காதில் வைத்தேன். உரக்கடைக்காரர்.

“ரேடியோல கேட்டோங்க, வயிறு வலிக்கச் சிரிச்சோம். தங்கச்சி என்னமா நடிக்கிறாங்க! அப்புறம், பத்திரம் எப்ப வச்சுக்கலாம்?”

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அத்தனை பேர் கேட்டும் ஒருவர் காதிலும் ஏறவில்லையே!

“நான்தாங்க பேசுறேன். இப்ப மைக் எதுவும் இல்ல. நான் விக்கமாட்டேன்.”

உரக்கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

“அப்ப நான் குடுத்த வாக்கு?” என்றார் இவர், கூடத்தில் நின்றபடியே.

“அதத்தான் நாடகம்னு சொல்லிடுங்க,” என்றேன்.