கூடுதல் எடை

“தொப்பை விழுந்திருக்கும், மாப்ளே. நாற்பது வயசாச்சுல்ல அதுக்கு?”

“சிரிக்காதீங்க அத்தான். நேத்து ஓடுபாதை முடியற வரைக்கும் தரையை விட்டு எழும்பவே இல்லை. அக்காவையும் ஏத்தினா எதிர்ல இருக்கற மரத்துலதான் போய் நிப்பீங்க.”

“அப்போ நிறுத்துப் பாரு. குப்பை இருந்தா அள்ளிப் போடு. சாயங்காலம் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிட்டேன்.”

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இந்தக் கைகளால் தொட்டதை மட்டும் சொல்கிறேன். அத்தான் போன மாதம்தான் அந்தப் பழைய நாலு சீட்டு விமானத்தை வாங்கினார். நான் அதற்கு மெக்கானிக். வயதானால் எஞ்சின் தளரும். பெயின்ட் மேல் பெயின்ட் ஏறும். உள்ளே பஞ்சு ஈரம் குடிக்கும். எல்லாம் சேர்ந்து விமானத்தை மேலே ஏறவிடாது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மூன்று சக்கரங்களுக்கும் அடியில் மூன்று தராசு வைத்தேன். பதிவேட்டில் இருந்ததைவிட ஐம்பத்தெட்டு கிலோ கூடுதல்.

பின்சீட்டுக்குக் கீழே கம்பளத்தை உரித்தேன். எலி மூத்திரத்தில் ஊறிய பஞ்சு, கஞ்சி போல விரல்களில் வழிந்தது. அதற்கடியில் மஞ்சளாக, கெட்டியாக ஏதோ கொழுப்பு. அதில் நீளநீளமாக முடி. சுரண்டச் சுரண்ட வந்தது. ஒரு நகமும் வந்தது. எலி நகம் இல்லை. வெளியே ஓடி வாந்தி எடுத்தேன்.

இரண்டு மூட்டை அள்ளி கொட்டகை வாசலில் போட்டேன். மறுபடி தராசுகளைப் பார்த்தேன்.

அதே ஐம்பத்தெட்டு.

விமானத்தின் மூக்குப் பக்கம் வந்து குனிந்தேன். முன் தராசில் எண் ஏறியது... பின் இரண்டிலும் இறங்கியது. உள்ளே யாராவது முன்னால் சாய்ந்தால்தான் அப்படி ஆகும்.

இடப்பக்கம் நகர்ந்தேன். இடது தராசு ஏறியது.

என்னைத்தான் பார்க்கிறது.

க்ரீச்... சீட்.

ஓடினேன்.

அலுவலக அறையில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாடை போகவில்லை. விமானத்தை விற்றவருக்கு போன் போட்டேன்.

“பின்சீட்டுல என்ன சார் இருந்துச்சு?”



“என் மனைவி, தம்பி. உயரம்னா அவளுக்கு ஆகாது. நான்தான் வற்புறுத்தினேன். மேல ஏறும்போதே நெஞ்சு நின்னுடுச்சு. அவசரமா காட்டுல இறக்கினேன், என் கால் ஒடிஞ்சுடுச்சு. ஆள் வர்ற வரைக்கும்... அந்த வெயில்ல... அவ பின்னாலயே...”

வெளியே எஞ்சின் உறுமியது.

ஜன்னலுக்குப் பாய்ந்தேன். தராசுகளை விட்டு விமானம் இறங்கியிருந்தது. பைலட் சீட்டிலிருந்து அத்தான், வாசலில் கிடந்த மூட்டைகளைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். பக்கத்தில் அக்கா. பின்னால் திரும்பிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

போனில் அவர் அழுதுகொண்டிருந்தார்.

“அவளை மட்டும் மறுபடி மேல தூக்கிட்டுப் போயிடாதீங்க, தம்பி...”