தங்கையின் கன்னத்தில் புகையிலை

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மலாயாவில், ரெங்கத்துக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் நானும் அம்மாவும் பால் மரம் வெட்டினோம். தங்கைக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். களை பிடுங்கும் கூட்டத்தில் இருந்தாள். அப்பா இறந்துவிட்டார். ஊருக்குத் திரும்பினால் போய் நிற்க எங்களுக்கு ஒரு கூரை கிடையாது.

தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மழை பிடித்துக்கொண்டால் அவள் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துவதுபோலச் சத்தம் கேட்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது யார் இருமுகிறார்கள் என்று கங்காணி பார்த்துக்கொண்டே போவார். நோயாளி என்று அவர் நினைத்துவிட்டால் அந்தக் குடும்பமே அடுத்த கப்பலில்தான்.

களைக் கூட்டத்தில் பக்கத்து லயத்து அத்தை ஒருத்தி அவளுக்குப் புகையிலைத் துண்டு ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தாள். “இத கன்னத்துல அடக்கிக்கடி. சளி கரையும். இருமலும் வராது.”

முதல் நாள் தங்கை தலை சுற்றி, மரத்தடியில் வாந்தியெடுத்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் அடி விழும் என்று பயந்தேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பெரட்டுல இருமுனியா?”

“இல்லம்மா.”

மறுநாள் அம்மாவே தன் வெற்றிலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கொஞ்ச காலத்தில் அது இல்லாமல் அவளால் பாயை விட்டு எழ முடியவில்லை. பல் கறுத்தது. சோறு குறைந்தது. இழுப்பு மட்டும் குறையவில்லை. மேட்டில் பாதி ஏறுவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சிலோன்காரர். அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர் முகம் சுளித்தார். “இந்த வயசில புகையிலையோ? இதை முதல்ல விடு, பிள்ளை. நெஞ்சும் பழுதாய்ப் போகும்.”

விட்டாள். தலைவலி தாங்காமல் அழுதாள். என் மேல் சோற்றுக் கிண்ணத்தை வீசினாள். அதே நேரம் பார்த்து மழையும் வந்தது. பெரட்டில் அவள் இருமிய இருமலில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

“என்னா, ஒன் தங்கச்சிக்குக் காசமா?” என்றார் கங்காணி.

“சும்மா சளிங்க,” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையை நீட்டினாள். “குடும்மா. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்.” அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். என்ன சொல்லித் தடுப்பது?

பிறகு ஒரு காலையில் களைக்காட்டிலிருந்து சத்தம் கேட்டு ஓடினேன். இருமல் அடக்க முடியாமல் வந்தபோது வாயிலிருந்த புகையிலை மூச்சுக்குழலுக்குள் போய்விட்டிருந்தது. கண் பிதுங்க மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். கறுப்பாய் ஏதோ தெறித்து விழுந்தது. மூச்சு வந்தது, ஆனால் அறுந்து அறுந்து வந்தது. சாக்கில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

நெஞ்சுச் சளி காய்ச்சலாக மாறியது. டிரெசர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், மருந்து ஊற்றினார். நான் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள் எலும்பு என் மார்பில் இடிக்கும். என் மூச்சை எடுத்து அவளுக்குக் கொடுக்க வழியிருந்தால் கொடுத்திருப்பேன். “அக்கா, கொஞ்சமே கொஞ்சம்,” என்று அப்போதும் புகையிலைதான் கேட்டாள்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் என் கைக்குள்ளேயே அடங்கிப் போனாள்.

அம்மா அழாமல் டிரெசரிடம் போய் நின்றாள். “ஐயா, நான் குடுத்ததாலயா?”

“இழுப்பும் இருந்தது, அம்மா. இதாலதான் எண்டு எப்பிடிச் சொல்ல? எனக்குத் தெரியேல்லை.”

அம்மா அங்கேயே நின்றாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ யாராவது சொல்வார்கள் என்று காத்திருப்பவள்போல, இருட்டும்வரை நின்றாள்.