கோட்டைச்சாமி கழுவிய மணல்

எங்கள் பேரூராட்சிக்குக் குடிநீர் திறந்துவிடுகிறவர் கோட்டைச்சாமி. அவர் வீட்டிலேயே காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஒரு மனிதனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா?

அவர் மனைவி பொன்மணியைக் குறை சொல்வதற்கில்லை. பழைய சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் அப்படி. பாசி நாற்றம், குடத்தின் அடியில் சேறு. ஒருநாள் எங்கள் வீட்டுக் குழாயில் வந்த கெளுத்தி மீன், மீசையை முறுக்கிக்கொண்டு என்னை முறைத்தது. நம்பாதவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காதவர்கள்.

"நீங்க தொறந்துவிடுற தண்ணியில எருமையக்கூட குளிப்பாட்ட மாட்டேன்" என்பாள் பொன்மணி.

நிலையத்தைப் புதுப்பித்தபோது வடிகட்டித் தொட்டிக்குப் புது மணல் வந்தது. கோட்டைச்சாமி அதைச் சலித்து, அரிசி களைவதுபோல் களைந்து பரப்பினார்.

"தொறப்பு விழாவுக்கு வா. மொத டம்ளர் ஒனக்குத்தான். நீ துப்புனேன்னா வேலைய விட்டுர்றேன்" என்றார் மனைவியிடம்.

விழாவன்று பேரூராட்சித் தலைவர், தன் பட்டாசுக் கம்பெனியிலிருந்து பத்தாயிரம் வாலா சரவெடி கொண்டுவந்தார். இந்தப் பக்கத்தில் வெடி போடாமல் காதுகுத்தும் இல்லை, பிணமும் எடுப்பதில்லை. சரத்தை விரித்த இடம்தான் கொடுமை: தொட்டியின் சுற்றுச்சுவர்.

"அங்கன வேண்டாம் தலைவரே. தொட்டி தொறந்து கெடக்கு" என்றார் கோட்டைச்சாமி.

"ஏலே, நல்ல காரியத்துல குறுக்க பேசாத. போட்டோவுல தொட்டி தெரியணும்லே."

வெடித்து ஓய்ந்தபோது தொட்டி நிறையச் சிவப்புக் காகிதம். சாயம் கரைந்து, தண்ணீர் வெற்றிலை எச்சில் நிறத்தில் கிடந்தது. மேலே வெடிமருந்துச் சாம்பல் மினுங்கியது.

"ம், தொறந்துவிடு" என்றார் தலைவர், பாட்டில் தண்ணீரை உறிஞ்சியபடி.

கோட்டைச்சாமி ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார். "மொதல்ல நீங்க குடிங்க."

"நானா குடிக்கப் போறேன்? ஊருக்குத் தொறக்கத்தானலே சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. கோட்டைச்சாமி வால்வுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நகராமல் நின்றார். கேசரியைத் தின்றுவிட்டுக் கூட்டம் கலைந்தது.

தொட்டியை வடித்துவிட்டு, அவர் மறுபடி மணலில் இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொன்மணியும் இறங்கினாள்.

"தள்ளுங்க. அரிசி களையத் தெரியாத ஆளு மணலக் களைஞ்சிட்டாகளாம்."

மணல் வெளுத்து, தண்ணீர் தெளிந்த பிறகு முதல் டம்ளர் அவளுக்கே வந்தது. வாயில் வைத்துக்கொண்டாள். கோட்டைச்சாமி சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவள் விழுங்கினாள்.

"பிளீச்சிங் மருந்து வாடை கூடுதலா இருக்கு" என்று சொல்லி, இன்னொரு டம்ளர் கேட்டாள்.

அதன்பின் அவர்கள் வீட்டுக்குக் கேன் வருவதில்லை. தலைவர் வீட்டுக்கு இன்றும் போகிறது.