வாசலில் நின்ற வண்டி

கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குக் கட்டிலம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. புயலோ வெள்ளமோ வந்து ஓர் ஊர் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தால், எந்த நோயாளியை எந்த ஊருக்கு அனுப்புவது என்று போனிலேயே பஞ்சாயத்து பேசித் தீர்க்கிற வேலை. முன்பு வார்டில் நர்ஸாக நடையாய் நடந்தவள். முழங்கால் தேய்ந்ததும் நாற்காலிக்கு மாற்றினார்கள். "ஊருக்கெல்லாம் கட்டில் பிடிச்சுக் குடுக்கறா, எனக்கு வீட்ல தரைதான்" என்று தையல்காரரான கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வேலையில் ஒரு நடப்பு உண்டு. எந்த ஆஸ்பத்திரியும் காலியாக இருக்கிற படுக்கையை முழுதாகச் சொல்லாது. நாளைக்குத் தன் ஊர்க்காரனுக்கே அவசரம் என்றால் எங்கே போவது? அதனால் ஒன்றிரண்டை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளும். இந்தச் சூட்சுமம் கட்டிலம்மாவுக்கு அத்துப்படி. 'இல்லை' என்பதை அவள் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. "வண்டி வாசல்ல போய் நின்னா கட்டில் தானா முளைக்கும்" என்பாள். முளைக்கவும் செய்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கும் இதையே வேதமாக ஓதினாள்.

புயல் கரையைக் கடந்த மறுநாள் மதியம், கடலோர ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் புகுந்து மின்சாரம் போய்விட்டது. சுவர் விழுந்து நெஞ்சு நசுங்கிய ஒரு கொத்தனாருக்கு உடனே வென்டிலேட்டர் வேண்டும். தொலைவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி, இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மேட்டுப்பக்கத்து ஆஸ்பத்திரியோ பாதி தூரம்தான். அங்கே போனை எடுத்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பிரதர். ஆண் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சத்தியமா இல்லக்கா. எல்லா வென்டிலேட்டர்லயும் ஆள் இருக்கு."

"இந்தப் பாட்டை நான் வருஷக்கணக்கா கேக்கறேன் தம்பி. கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாரு, ஒண்ணு இருக்கும்."

"நான் எதுக்குக்கா பொய் சொல்லணும்?"

"உங்க பெரியவங்க சொல்லிக் குடுத்திருப்பாங்க. வேலையில சேர்ந்ததும் முதல் பாடமே அதானே!"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. உடனே ஆம்புலன்ஸ் டிரைவரை அழைத்து, "அண்ணே, மேட்டுப்பக்கமே போங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் டிரைவரே கூப்பிட்டார். "ஏம்மா, நானே உள்ள போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். ஒரு கட்டில்கூடக் காலியில்ல. ஆக்சிஜன் சிலிண்டர் வேற தீரப்போகுது. இப்ப நான் இந்த மனுஷனை எங்க கொண்டுபோய் வைக்க?" அவர் குரலுக்குப் பின்னால் கொத்தனாரின் மனைவி, "முகமெல்லாம் நீலமாகுதே, யாராவது பாருங்களேன்" என்று கதறுவது கேட்டது.

பிரதர் புது சிலிண்டரோடு வண்டியில் ஏறி, கையாலேயே காற்றுப்பையை அமுக்கி அமுக்கிப் பெரிய ஆஸ்பத்திரிவரை கூடவே போனான். வார்டை விட்டுப் போனதற்கு அவனுக்கு மேலதிகாரியிடம் வசவு. கொத்தனார் பிழைத்தார். ஆனால் மூளைக்குக் காற்று போதாமல் போனதில் பேச்சு குழறிவிட்டது. மனைவியையே யாரோ போலப் பார்த்தார்.

கட்டிலம்மாவை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "புயல்ல இதெல்லாம் சகஜம்மா" என்று அதிகாரி தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவள் அதை மேசையிலேயே ஆறவிட்டாள். டிரைவர் மட்டும், "அந்தப் பையன் உள்ளதைத்தானே சொன்னான்?" என்றார். கணவர் கேட்டபோது அவரிடம் புயலைப் பற்றிச் சொன்னாள்; தான் செய்ததைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனை எடுப்பாள், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவாள்.

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. வெள்ளத்தில் பாம்பு கடித்த ஒரு பெண்ணுக்கு மூச்சு இழுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை முங்கிவிட்டது. மேட்டுப்பக்கத்தைத் தவிர வேறு கதி இல்லை.

"இடம் இல்ல மேடம்" என்றான் பிரதர்.

அதே நேரம் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "பிரதர், ஓரத்துக் கட்டிலைத் துடைச்சாச்சு, விரிப்பு போட்றவா?" அவன் அவசரமாகப் போனைப் பொத்தினான். ஆனாலும் கேட்டுவிட்டது.

பழைய கட்டிலம்மாவாக இருந்தால் அந்த இடத்திலேயே அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். ஆனால் இடத்தை மறைக்கிற அந்த முதல் பாடத்தை இவனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

"தம்பி," என்றாள் மெதுவாக, "அன்னிக்கு நீ உண்மையைச் சொன்னே, நான் உன்னைப் பொய்யன்னு சொல்லிச் சிரிச்சேன். அந்தக் கொத்தனார் அப்படி ஆனது என்னாலதான். என்னை எவ்வளவு வேணா திட்டு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் அந்தக் கட்டிலைக் குடுத்துடு."

எதிர்முனையில், "விரிப்பு போட்டுடு" என்று அவன் பின்னால் திரும்பிச் சொல்வது கேட்டது.

"அனுப்புங்க மேடம்." போன் வைக்கப்பட்டது.

"பாத்தியா, தப்பு என்னுதுன்னு ஒரு போடு போட்டு, இல்லேன்னவன்கிட்டயே வாங்கிட்டாங்க! கட்டிலம்மாவா கொக்கா!" பக்கத்து மேசைக்காரர் கையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அவள் டிரைவருக்கு வழி சொல்லி முடித்தாள். அதன் பிறகும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. எடுத்தால் அவர்கள் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.