கோயில் சோறும் பவளத்தின் வயிறும்

முந்தல் பக்கம் ஒரு மாடு கசிப்புச் சாராயம் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறதாம். மதுரங்குளிச் சந்தியில் இதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் அந்த மாட்டோடு உட்காரத் தயாராக இருந்தார்கள். விசாரிக்கப் போனேன்.

மாட்டின் பேர் பவளம். வளர்ப்பவர் யூஜீனியா, கருவாடு காயப்போட்டு விற்பவர். மகன் இத்தாலிக்குப் போனபிறகு, வீட்டில் அவர் கதைப்பதைக் கேட்க இருப்பது பவளம்தான். அது வயிறு உப்பி, அசை போடாமல், கால் பின்ன நின்றது. வாயில் புளித்த வாடை. சாணம் கஞ்சித்தண்ணி போல.

"சாராயம் குடுத்தீங்களா அக்கா?"

"சீ! கோயில் சோறு தம்பி."

அந்தோனியார் கோயில் திருநாள் விருந்தில் ஒரு கிடாரம் சோறு மிஞ்சியிருக்கிறது. பாதர் மந்திரித்த சோற்றைக் கொட்டினால் பாவம். பாவத்துக்குப் பயந்து முழுவதையும் பவளத்துக்கு வைத்துவிட்டார்.

"எந்தநாளும் புல்லுத்தானே. ஒருநாளாவது வயிறாரச் சாப்பிடட்டுமெண்டு..." முந்தானையால் பவளத்தின் வாயைத் துடைத்தார்.

மிருக வைத்தியர் தொலைபேசியில் விளக்கினார். மாட்டின் பெருவயிற்றில் புல்லைச் செரிக்கவென்றே நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. சோறு மொத்தமாய் இறங்கினால் வேறொரு கூட்டம் பெருகி, அதை அமிலமாக்கிவிடும். அமிலம் பழைய குடிகளை அழித்து, இரத்தத்திலும் ஏறும்.

"விழுந்தா எழும்பாது. நான் வாறதுக்குள்ள அப்பச்சோடா கரைச்சு மெதுவாப் பருக்குங்க." அளவையும் சொன்னார்.

பக்கத்து வீட்டில் அப்பம் சுட்டு விற்கும் உம்மு குல்சூம், இருந்த சோடா முழுவதையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன புள்ள, மாட்டுக்குக் கலியாணச் சஹன் சோறா வெச்ச?"

ஏச்சு யூஜீனியாவுக்கு, தடவல் பவளத்துக்கு. யூஜீனியா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தோனியாரோடு பேரம் பேசினார். வைத்தியர் வந்து ஊசி போட்டார். பொழுது சாயும்போது பவளம் ஒரு வைக்கோலை இழுத்து, யோசித்து, மென்றது. கொஞ்சநேரத்தில் அசை போடத் தொடங்கியது. யூஜீனியா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் ஊருக்கு அப்பம் இல்லை. சோடா பவளத்தின் வயிற்றில். ஊர் அதற்கும் ஒரு கதை கட்டியது; அதை நான் விசாரிக்கவில்லை.

யூஜீனியா புதுச் சோடாப் பக்கற்றோடு போனபோது குல்சூம் வாங்கவில்லை.

"இது எனக்கு என்னத்துக்கு? பவளத்துட பாலில ஒரு தேத்தண்ணி தா, போதும்."

நோயில் வற்றிப்போன மடி இன்னும் சுரக்கவில்லை. தினமும் காலையில் யூஜீனியா தொட்டுப் பார்த்துவிட்டு, வேலிக்கு மேலால் எட்டிச் சொல்கிறார்:

"இன்னும் இல்லை அக்கா."

"அவள அவசரப்படுத்தாத புள்ள," என்றபடி குல்சூம் தன் பாலில்லாத பிளேன்ரீயைக் குடிக்கிறார்.