ரெண்டு நாள் தண்ணி

மரக்காணம் உப்பளத்தில் மழைக்காலம் வந்தால் வேலை நின்றுவிடும், விலை ஏறிவிடும். அதனால் மரியதாஸும் அவர் மனைவி சகாயமேரியும் குத்தகைப் பாத்தியில் வாரிய கடைசிக் குவியலை விற்காமல் கரையோரம் கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அந்த வருஷத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். அடுத்த வருஷக் குத்தகையும் அதற்குள்தான் இருந்தது.

கீற்று மழையைத் தாங்கும், வெள்ளத்தைத் தாங்காது. ஆனால் வெள்ளம் நிதானமாக வரும் என்பது உப்பளத்து நம்பிக்கை. மேற்கே பிரம்மதேசம் பக்கம் கொட்டுகிற மழை ஏரி ஏரியாக நிரம்பி, வழிந்து, ஓடை பிடித்து இங்கே வந்துசேர ரெண்டு நாள். மழைச் சேதி கேட்ட மறுநாள் மூட்டை கட்டி ரோட்டு மேட்டில் ஏற்றினால் போதும். அன்றைக்கே பதறுகிறவனைப் பார்த்து, "ஏம்பா, தண்ணி பஸ்ஸுலயா வருது?" என்பார்கள்.

வேலையில்லாத மாதங்களில் மரியதாஸ் ஐயப்பன் மேஸ்திரியிடம் போவார். பிரம்மதேசம் தாண்டி 'ஏரிக்கரை கார்டன்' என்று ஒரு மனைப்பிரிவு. தார்ரோடு, அலங்கார வளைவு, பூங்கா எல்லாம் இருந்தன. ஏரியை மட்டும் காணோம். மனைகளே அதன்மேல்தான் இருந்தன. அங்கே மழைநீர்க் கால்வாய்க்குக் கான்கிரீட் போடுகிற வேலை.

மழைக்கு முன்னால் சிவசங்கரி என்ற ஆராய்ச்சி மாணவி உப்பளத்துக்கு வந்து, வெள்ளம் எப்போது வருகிறது என்று பார்க்க ஓடையில் அளவுக் கம்பம் நட்டாள்.

"இனிமே ரெண்டு நாள் ஆகாதுங்க ஐயா. மேல எல்லாம் தாரும் சிமெண்டுமா ஆயிடுச்சு. தண்ணி மண்ணுல இறங்காம ஓடியாந்துடும்."

"சரிம்மா, எப்போதான் வரும்?"

"ஆறு மணி நேரத்துலயும் வரலாம், ஒன்றரை நாளும் ஆகலாம்."

"இவ்ளோ படிச்சிட்டு இப்படிச் சொல்றியே!"

"எந்த மதகு அடைச்சிக்கும், எந்த ஏரி காலியா கெடக்கும்னு தெரியலயேங்க. தெரிஞ்சாப்புல சொன்னா அது பொய்."

பெண்ணை மரியதாஸுக்குப் பிடித்திருந்தது, பதிலைப் பிடிக்கவில்லை. தெரியாது என்பதற்கு இத்தனை கணக்கா? ரெண்டு நாள் என்பது தப்பாகவே இருந்தாலும் கைக்கு அடக்கமாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் விடியலிலிருந்து கொட்டியது. மரியதாஸ் மனைப்பிரிவில் நின்றிருந்தார். அவர் போட்ட கால்வாயில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது.

"யோவ் மரியா, பாத்தியா? ஒரு சொட்டு நிக்கல!" என்று ஐயப்பன் முதுகில் தட்டினார். மரியதாஸுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது சகாயமேரி போனில் வந்தாள். "ஏங்க, மேற்கால செம மழையாமே. ஆளு கூப்பிட்டு மூட்டை கட்டிடட்டுமா?"

"மழையிலதான்டி நிக்கறேன். நாளைக்கிக் கட்டிக்கலாம். தண்ணி என்ன பஸ்ஸுலயா வருது?"

சாயங்காலம் பஸ்ஸில் வந்தது அவர்தான். தண்ணீர் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

உப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போவதில்லை, அது கரைந்துபோகிறது. தேடிப் பிடிக்க ஒன்றும் இல்லை. கீற்று மட்டும் வரிசை கலையாமல் மிதந்துகொண்டிருந்தது. சகாயமேரி ரோட்டு மேட்டில் நின்றிருந்தாள். வீட்டிலிருந்து அவள் வந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"ம்," என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. இருவரும் சற்று நேரம் கீற்றைப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குப் போனார்கள்.

மழை விட்ட பிறகு, அவர் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது சிவசங்கரி கூப்பிட்டாள். "ஐயா, கம்பத்த வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. தண்ணி அங்க எத்தன மணிக்கி வந்துச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

"வந்தத யாரும் பாக்கலம்மா. கெளம்புனது தெரியும். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிரம்மதேசம் பஸ் வந்தது. ரெண்டாவது தெருக் கால்வாய் இன்னும் பாக்கி. ஏறிக்கொண்டார்.