நடுவில் வெட்டுகிறவர்

கிர்கிஸ்தானின் நரீன் ஊரில் கல்யாண வீடியோ என்றால் ஒமுர்சாக்தான். கடைத்தெருவில் செருப்புத் தைக்கிற கடைக்கு மேலே, படி ஏறியதும் வலப்பக்கக் கதவு. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஓர் இரும்பு அடுப்பு, ஐம்பத்து மூன்று வயதான ஒமுர்சாக். மனிதர்கள் மேல் மரியாதை மட்டும் அந்த அறையில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

மரியாதை எப்படி வரும்? கிர்கிஸ் கல்யாண விருந்தில் மேசைக்கு மேசை எழுந்து வந்து மைக்கைப் பிடிப்பார்கள். மாப்பிள்ளையின் மாமன், மாமனின் சம்பந்தி, சம்பந்தியின் பள்ளித் தோழன். எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசுவார்கள். பிள்ளைகளே, சேர்ந்து கிழடாகுங்கள். பட்டி நிறைய ஆடு, வீடு நிறையக் குழந்தை. இதைச் சொல்ல ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம். இருபத்தேழு வருடமாக ஒமுர்சாக் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீடியோ நாடா போய் சிடி வந்தது, சிடி போய்ப் பென் டிரைவ் வந்தது. அந்த ஆடு மட்டும் பட்டியை விட்டு நகரவில்லை.

வாழ்த்தியவரின் பேச்சை வீடியோவில் குறைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். குறைத்தால் அது குடும்பத்துக்கே அவமானம், பேரன் காலம்வரை பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆனால் இருபத்தைந்து பேர், தலைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் யார் உட்கார்ந்து பார்ப்பது? ஒமுர்சாக் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பேச்சின் முதல் அரை நிமிடத்தை வைத்துக்கொள்வார். கடைசி வாழ்த்தையும் கைதட்டலையும் வைத்துக்கொள்வார். நடுவில் இருப்பதை மொத்தமாக எடுத்துவிடுவார். வெட்டிய இடத்தில் பேசுகிறவரின் தலை சட்டென்று துள்ளும் அல்லவா? அந்தத் துள்ளலின் மேல் நான்கு விநாடிக்கு வேறொரு படத்தைப் போர்த்திவிடுவார்: வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், ஆட்டெலும்பை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி மெல்லுகிறார். முந்தைய சத்தத்தை மெதுவாக இறக்கி அடுத்த சத்தத்தை மெதுவாக ஏற்றினால் ஒட்டு தெரியாது. அப்படி மெல்லுகிற முகம் லேசில் கிடைக்காது. எப்போதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த அந்தக் கிழவரை ஒமுர்சாக் அதற்குப் பிறகு பத்தொன்பது கல்யாணங்களில் உட்கார வைத்து எலும்பு தின்ன வைத்திருந்தார். ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கிற கூட்டமா இது என்பது அவருடைய எண்ணம்.

நவம்பரில் ஒரு நாள் காலை, படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. பூருல்கான் உள்ளே வந்தாள். ஆகஸ்டில் அவள் மகன் உலானின் கல்யாணத்துக்கு ஒமுர்சாக்தான் வீடியோ எடுத்திருந்தார். பின்னால் வெள்ளை முக்காட்டோடு மருமகள் பெகாயிம், கையில் மாமியாரின் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரமாக நின்றாள்.

"ஏன்யா ஒமுர்சாக், எங்க வீட்டுக் கல்யாணத்துல தின்னுட்டிருக்கானே ஒரு கெழவன், அவன் யாரு?"

ஒமுர்சாக் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினார். முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "விருந்தாளிதான்க்கா. வேற யாரு?" என்றார்.

"விருந்தாளியா? ஏழு தலைமுறை எனக்கு விரல் நுனியில இருக்கு. என் ஆளுங்கள்ல இந்த மூஞ்சி கெடையாது. செத்துப்போன எங்க வீட்டுக்காரரோட ஆளுங்கள்லயும் கெடையாது. பொண்ணு வீட்டுக்காரனான்னு இவளைக் கேட்டேன், அன்னைக்கு வந்தவங்கள்ல இப்படி ஒருத்தர் இல்லவே இல்லேங்கிறா. அப்புறம்தான் உத்துப் பாத்தேன். இவன் மெல்லும்போதெல்லாம் ஒருத்தர் பேச்சு பாதியா போயிருக்கு. நான் பன்னெண்டு நிமிஷம் பேசினேன்யா! நீ ஒண்ணரை நிமிஷம் காட்டுற!"

"ஏதோ தவறிப் போச்சு..."

"தவறிப் போச்சா? ஞாயித்துக்கிழமை என் கூட்டாளிங்க ஒம்போது பேரும் எங்க வீட்டுக்கு டீக்கு வராங்க. அதுக்குன்னே புது டிவி வாங்கியிருக்கு. நான் பேசினதுல ஒரு மூச்சு விடாம வரணும். இல்லேன்னா உன் வண்டவாளத்தை கடைத்தெரு முழுக்கச் சொல்லிடுவேன்."

அதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. புது டிவியில் வீடியோவின் படம் வருகிறதாம், சத்தம் வரவில்லையாம். உலான் அதைச் சரிசெய்கிறேன் என்று கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மாற்றியிருக்கிறான். இப்போது அது திறக்கவே இல்லை.

"மாத்துறதுன்னா இதுன்னு நெனச்சானா உங்க பையன்?" ஒமுர்சாக்குக்குப் போன தெம்பு திரும்பி வந்தது. "லாயத்து வாசல்ல ஓட்டல்னு பலகை மாட்டினா உள்ள இருக்கிற குதிரை சூப்பா ஆயிடுமா? கோப்புங்கிறது ஒரு பெட்டிக்கா. உள்ள படம் ஒரு விதமா மடிச்சு வச்சிருக்கு, சத்தம் வேற விதமா மடிச்சிருக்கு. உங்க டிவிக்கு அந்தச் சத்தத்தைப் பிரிக்கத் தெரியல. பெட்டி மேல பேரை மாத்தி எழுதி என்ன பிரயோஜனம்?"

"எனக்குப் பாடம் எடுக்காத. வேலையப் பாரு. படிப்பு படிப்புன்னு கேட்டே காது புளிச்சுப் போச்சு. இவளும் அதே பாட்டுதான். பிஷ்கெக்ல நர்ஸ் படிப்பு ஒரு வருஷம் பாக்கியாம். பிப்ரவரிக்குள்ள போகலேன்னா பேரை எடுத்துடுவாங்களாம். எடுக்கட்டுமே! வீட்ல டீ ஊத்த யாரு, மாட்டுல பால் கறக்க யாரு? போக விடுறேன்னு நான் எப்போ சொன்னேன்?"

பெகாயிம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒமுர்சாக் அவளையும் ஒரு பார்வை பார்த்தார். பேசத் தெரியாத டீக் கெட்டில் என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்து, கணக்கை முடித்துவிட்டார்.

அவர்கள் போனதும் பழைய டிஸ்கை எடுத்துச் செருகினார். கேமரா எடுத்ததை ஒரு குளிர்காலம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பது அவர் வழக்கம். இருபது இருபது நிமிடத் துண்டுகளாக, பெயர் இல்லாமல் வெறும் எண்களாகக் கிடந்தன. ஏற்கெனவே சுருக்கிக் கொடுத்த வீடியோவிலிருந்து எடுத்தால் படம் இன்னும் மங்கும் என்று மூலத் துண்டுகளையே திறந்தார். பதினான்காவது துண்டில் பூருல்கான் மைக்கோடு நின்றாள், கன்னம் சிவக்க, கையில் கோப்பை.

இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாக ஒரு வாழ்த்தை முழுதாகக் கேட்க உட்கார்ந்தார் ஒமுர்சாக். ஆடு வந்தது. குழந்தைகள் வந்தன. செத்துப்போன கணவரின் குதிரை வந்தது. அந்தக் குதிரைக்கு மட்டும் மூன்று நிமிடம். அவர் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு வந்தபோது ஏழாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

"...சம்பந்திங்க கேட்டுக்கங்க! என் மருமக டீ ஊத்த வரல. பிப்ரவரியில நானே அவளை பிஷ்கெக் பஸ்ல ஏத்தி விடுவேன். படிப்பை முடிக்காம என் வீட்டுக் கெட்டிலை அவ தொடக் கூடாது. இங்க இருக்கிற இருநூறு பேரும் சாட்சி!"

கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். பெண் வீட்டு மேசையில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒமுர்சாக் நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு தடவை கேட்டார். இருபது விநாடி. வெட்டி எடுத்தால் தெரியாது. மெல்லுகிற கிழவர் வேண்டாம், கைதட்டுகிற கூட்டத்தைப் போர்த்தினால் போதும். பூருல்கானுக்கே தெரியாது; என்ன பேசினோம் என்பது அவளுக்கு மறந்தே போயிருக்கிறது. மறந்தாளோ, மறந்ததாக வைத்துக்கொண்டாளோ. அந்த இருநூறு சாட்சிகளும்தான் என்ன? அந்நேரம் முழங்கால் எலும்பு யார் தட்டுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஒரு மூச்சு விடாம வரணும் என்றுதானே கேட்டாள்? எடுத்துக்கொள்ளட்டும். அவளுக்கு வேண்டியதைக் கொடுப்பதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு நிமிடத்தையும் அப்படியே வைத்தார். படத்தைத் தொடாமல், சத்தத்தை மட்டும் புது டிவிக்குப் புரிகிற விதத்தில் மாற்றிப் பெட்டியை மூடினார். கால் மணி நேர வேலை.

வெள்ளிக்கிழமை அதை வாங்கிப்போகப் பெகாயிம் தனியாக வந்தாள்.

"அண்ணே, சத்தம் நல்லா வருமா?"

"வரும்."

"நடுவுல நிக்காதே?"

"நிக்காது."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அம்மா பேசினது மட்டும் தனியா, சின்னதா பண்ணித் தருவீங்களா? போன்ல அனுப்புற மாதிரி. வர்றவங்க எப்படியும் கேப்பாங்க."

படத்தின் அளவைப் பாதியாக்கி, தரத்தைக் கொஞ்சம் இறக்கி, போனில் அனுப்பக்கூடிய அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தார். மாமியார் பெருமை பாட இதுவும் ஒரு வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பூருல்கான் வந்தாள். இந்தத் தடவை படியில் சத்தமே இல்லை.

"ஒமுர்சாக், அந்த பிஷ்கெக் சமாச்சாரத்தை எடுத்துடு."

"எதைக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஒம்போது பேரும் டீயைக் கீழ வச்சிட்டு என்னையே பாத்தாளுங்க. 'அப்ப எப்பக்கா பஸ்ஸு?'ன்னு கேக்குறா ஒருத்தி. இன்னொருத்தி, 'மருமகளே, அந்தக் கெட்டிலை வை, உங்க மாமியார் தொடக் கூடாதுன்னிருக்காங்க'ன்னு சொல்லிச் சிரிக்கிறா. வெட்டித் தொலை அதை!"

"வாழ்த்தை வெட்டக் கூடாதுக்கா. நீங்கதானே சொன்னீங்க, ஒரு மூச்சுகூட விடக் கூடாதுன்னு. நான் வெட்டினா நாளைக்கு நீங்களே கடைத்தெருவுல..."

"யோவ்!"

"சரி, வெட்டுறேன். ஆனா அந்த ஒம்போது பேர் போன்ல இருக்கே, அதை யார் வெட்டுறது?"

பெகாயிம் போனுக்கென்று ஒன்று வாங்கிப்போனது பூருல்கானுக்குத் தெரியாது. கையுறையைத் தப்பான கையில் மாட்டிக்கொண்டே இறங்கிப் போனாள். ஒமுர்சாக்குக்கு அன்றைய பொழுது இனிப்பாகக் கழிந்தது.

பிப்ரவரி முதல் வாரம், வெளியே மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். பெகாயிம் கையில் ஒரு பெட்டியும், துணியில் கட்டிய பொரித்த மாவுருண்டைகளுமாகப் படியேறி வந்தாள். உலான் கீழே வண்டி என்ஜினை அணைக்காமல் வைத்திருந்தான். பஸ் நிலையத்துக்குப் போகிற வழி.

"எடுத்துக்குங்கண்ணே. மூல வீடியோவை அழிக்காம வச்சிருந்தீங்களே, அதுக்கு."

ஒமுர்சாக் ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். "இத்தனை பேர் பாத்தாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல. உங்க மாமியார்தான் அந்தக் கெழவனைக் கண்டுபிடிச்சாங்க. அந்த அம்மாவுக்கு மூளை இல்லேன்னாலும் கண்ணு இருக்கு."

"அவங்க கண்டுபிடிக்கல. நான்தான், 'அம்மா, இந்தத் தாத்தா உங்க பக்கமா?'ன்னு கேட்டேன்."

மெல்லுவது நின்றது.

"அவர் எங்க ஊர்ல குதிரை வைத்தியம் பாத்தவர். எங்க அக்கா கல்யாணத்துல நீங்கதான் அவரைப் படம் எடுத்தீங்க. அந்த வீடியோவுலயும் எங்க அப்பா பேச்சு பாதிதான் வந்துச்சு. அப்பவே எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், நீங்க நடுவுல வெட்டுவீங்கன்னு. பாவம், தொழில் தெரியாத மனுஷன்னு அப்பா விட்டுட்டாரு."

"தெரியாத..."

"அந்தத் தாத்தா எங்க கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னாடியே செத்துப்போயிட்டாரு அண்ணே. அதுக்கப்புறமும் தின்னுக்கிட்டே இருக்காரு."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வை ஒமுர்சாக்குக்குப் புதிதல்ல. இருபத்தேழு வருடமாக, மைக் பிடித்த ஒவ்வொருவரையும் அவர் பார்த்துவந்த அதே பார்வை. கீழே உலான் ஹாரன் அடித்தான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

வாயில் பாதி மென்ற உருண்டையோடு ஒமுர்சாக் கதவைச் சாத்தினார்.